மெய்ந்நிலை நிகழ்ச்சிகளில் குடும்பம்: காட்டப்படுவதும் விடுபடுவதும்

பேச்சு வழக்கில் ரியாலிட்டி ஷோ என்றும் எழுத்தில் மெய்ந்நிலை நிகழ்ச்சி என்றும் அழைக்கப்படுபவை, முன்கூட்டி எழுதிய வசனம் இல்லாமல் உண்மையான மனிதர்களின் வாழ்வைக் காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள். பாட்டுப் போட்டி, சமையல் போட்டி, விவாத அரங்கு, ஒரே வீட்டில் அடைத்து வைத்துப் படம்பிடிக்கும் விளையாட்டு, குடும்பத் தகராறுகளை விசாரிக்கும் மேடை என இவற்றில் பல வகைகள் உண்டு. இவற்றுள் வீட்டையும் குடும்ப உறவையும் நேரடியாகப் பொருளாகக் கொண்டவையே பார்வையாளர்களை அதிகம் ஈர்த்தவை. அதிகச் சர்ச்சைக்கு உள்ளானவையும் அவையே.

இந்நிகழ்ச்சிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறது. அவர்கள் உண்மையாகவே அப்படித்தானா, அல்லது நடிக்கிறார்களா என்பதே அக்கேள்வி. இது தேவையான கேள்விதான். ஆனால் போதுமான கேள்வி அன்று. கேமராவின் முன் அழுபவர் மனமுருகியே அழக்கூடும். சண்டையிடுபவரின் கோபமும் மெய்யாகவே இருக்கக்கூடும். அப்படியிருந்தும் அந்தக் குடும்பத்தைப் பற்றி நிகழ்ச்சி தரும் சித்திரம் பொய்யாகிவிட முடியும். குடும்ப வாழ்வின் பெரும்பகுதியான அன்றாடம் படத்தொகுப்பு அறையில் கழிக்கப்பட்டுவிடுவதே அதற்குக் காரணம். நடிப்பைவிட இந்தக் கழிவே மெய்ந்நிலை நிகழ்ச்சியின் நம்பகத்தன்மையைப் பாதிக்கிறது. அதன் விளைவை நிகழ்ச்சி முடிந்த பிறகும் சுமப்பவர்கள் அதில் தோன்றிய குடும்பத்தினர்.

நடிப்பு என்னும் கேள்வி

கேமரா இல்லாத இடத்திலும் மனிதர்கள் பிறருக்காக நடந்துகொள்கிறார்கள். வீட்டுக்குள் கணவனும் மனைவியும் கடுமையாகப் பேசிக்கொண்டிருக்கும் வேளையில் வாசலில் விருந்தினர் வந்து நின்றால், குரல்கள் சட்டென்று தணிந்து ‘வாங்க, வாங்க’ என்ற வரவேற்பு எழுகிறது. அந்த வரவேற்பைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1950களில் இதை மேடை உவமையால் விளக்கினார். பிறர் பார்க்கும் முன்மேடையில் ஒருவிதமாகவும், ஓய்ந்திருக்கும் பின்மேடையில் வேறுவிதமாகவும் மனிதர்கள் இயங்குகிறார்கள் என்பது அவர் கருத்து. கூடத்துக்கும் அடுக்களைக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த எவருக்கும் இது புரியும்.

மெய்ந்நிலை நிகழ்ச்சி இந்தப் பின்மேடையைக் காட்டுவதாக வாக்களிக்கிறது. ஆனால் கேமரா நுழைந்த உடனே அடுக்களையும் கூடமாகிவிடுகிறது. ஆகவே அதில் தோன்றுபவர்கள் ஓரளவு நடிப்பது இயல்பு. சில வாரங்கள் கழிந்ததும் அவர்கள் கேமராவை மறந்துவிடுவார்கள் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதுண்டு. அது பல நேரங்களில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவர்கள் மறந்தாலும், எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்யும் தொகுப்பாளர் மறப்பதில்லை. எனவே நம்பகத்தன்மையைத் தேட வேண்டிய இடம் தோன்றுபவரின் முகம் மட்டும் அன்று, தொகுப்பு மேசையும்கூட.

லவுட் குடும்பம்: முதல் சான்று

குடும்பத்தை மையமாகக் கொண்ட மெய்ந்நிலைத் தொடர்களின் முன்னோடியாகக் கருதப்படுவது ‘ஆன் அமெரிக்கன் ஃபேமிலி’. அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் இதனை 1973ஆம் ஆண்டு 12 பகுதிகளாக ஒளிபரப்பியது. கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா நகரில் வாழ்ந்த பில் லவுட், பேட் லவுட் இணையரையும் அவர்களின் ஐந்து பிள்ளைகளையும் 1971 மே மாத இறுதியிலிருந்து அவ்வாண்டின் கடைசி நாள் வரை படம்பிடித்தார்கள். தயாரிப்பாளர் கிரெய்க் கில்பர்ட். ஒளிப்பதிவையும் ஒலிப்பதிவையும் ஆலன் ரேமண்ட், சூசன் ரேமண்ட் இணையர் செய்தனர். எழுதிய வசனம் இல்லை, ஒத்திகை இல்லை. மானிடவியலாளர் மார்கரெட் மீட் இதை நாடகத்துக்கும் நாவலுக்கும் இணையான புதிய கலைவடிவமாக மதிப்பிட்டார்.

இத்தொடரின் பிற்பகுதியில் பேட் லவுட் கணவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்கிறார். மூத்த மகன் லான்ஸ் தன்பால் ஈர்ப்பாளர் என்பதும் மறைக்கப்படாமல் திரையில் வருகிறது. இவை எவையும் பொய் அல்ல. என்றாலும் கணக்கைப் பார்த்தால் சிக்கல் புரியும். ஏறத்தாழ ஏழு மாதங்கள் என்பது ஐயாயிரம் மணி நேரத்துக்கு மேல். அதில் படம்பிடிக்கப்பட்டது சுமார் 300 மணி நேரம். மக்கள் பார்த்தது 12 மணி நேரம். படம்பிடித்ததிலேயே நூற்றுக்கு நான்கு பங்குதான் திரைக்கு வந்தது.

விகிதத்தைவிட வரிசை முக்கியமானது. தொடரின் முதல் பகுதி படப்பிடிப்பின் கடைசி நாளான புத்தாண்டுக்கு முந்தைய இரவில் தொடங்குகிறது. கணவனும் மனைவியும் பிரிந்துவிட்ட செய்தி பார்வையாளருக்கு அங்கேயே சொல்லப்படுகிறது. அதன் பிறகே கதை பின்னோக்கிச் சென்று, மே மாதத்துக் காலை உணவைக் காட்டுகிறது. முடிவு தெரிந்த பின் பார்க்கும் ஒவ்வொரு காலை உணவும் முறிவின் அறிகுறியாகத் தோன்றும். தட்டை வைக்கும் ஓசையும், பதில் சொல்லாத ஒரு கணமும் சான்றாகிவிடும். காட்சி அதேதான்; வைக்கப்பட்ட இடம் அதன் பொருளை மாற்றிவிட்டது. ஒளிபரப்புக்குப் பின் லவுட் குடும்பத்தினர் தொலைக்காட்சி உரையாடல்களில் தோன்றி, தங்கள் வாழ்வின் நல்ல பொழுதுகள் விடுபட்டன என்று முறையிட்டார்கள். தாங்கள் செய்யாததைக் காட்டியதாகச் சொல்வதைவிட, செய்தவற்றுள் எவை காட்டப்பட்டன என்பதே அவர்களின் குறையாக இருந்தது.

இக்குடும்பத்தின் பிற்காலம் இதனினும் கவனிக்கத்தக்கது. லான்ஸ் 2001ஆம் ஆண்டு இறந்தார். பெற்றோர் மீண்டும் ஒன்றாக வாழ வேண்டும் என்பது அவருடைய கடைசி விருப்பங்களுள் ஒன்று. அதை ஏற்று, விவாகரத்துப் பெற்ற பில்லும் பேட்டும் முதுமையில் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தார்கள். பில் 2018இலும் பேட் 2021இலும் காலமானார்கள். அமெரிக்கக் குடும்பத்தின் சிதைவுக்கு அடையாளமாக உலகம் நினைவில் வைத்திருக்கும் ஓர் இணையர், அந்த அடையாளத்துக்கு அப்பால் நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறார்கள். ஏழு மாதக் கேமரா ஒரு முறிவைச் சரியாகவே பதிவு செய்தது. அது ஒரு குடும்பத்தின் முழுக்கதையாக நிலைத்துவிட்டதே பிழை.

படம்பிடித்தலே வாழ்வை மாற்றுதல்

இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டு பிபிசி ஒளிபரப்பிய ‘த ஃபேமிலி’ இன்னொரு சிக்கலை வெளிப்படுத்தியது. பால் வாட்சன் தயாரித்த இத்தொடர் ரெடிங் நகரில் வாழ்ந்த உழைக்கும் வர்க்கக் குடும்பம் ஒன்றைப் பின்தொடர்ந்தது. படப்பிடிப்பு முடிவதற்குள்ளாகவே தொடக்கப் பகுதிகள் ஒளிபரப்பாகத் தொடங்கின. அதனால் அக்குடும்பத்தினர் தங்களைத் திரையில் பார்த்தார்கள். அண்டை அயலாரின் பேச்சையும் செய்தித்தாள்களின் விமரிசனத்தையும் எதிர்கொண்டார்கள். அந்த நிலையிலேயே தொடர்ந்து படம்பிடிக்கப்பட்டார்கள். மகளின் திருமணத்தின்போது பத்திரிகையாளர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கூடிவிட்டார்கள்.

ஒரு வீட்டுத் திருமணம் இவ்வாறு நாட்டின் நிகழ்ச்சியானபோது, கேமரா பார்த்துக்கொண்டிருந்தது எதை? குடும்பத்தையா, அல்லது கேமராவால் மாறிப்போன குடும்பத்தையா? நோய் இருக்கிறதா என்று பார்க்கச் செருகிய கருவியே காய்ச்சலை உண்டாக்குவது போன்றது இது. பின்னால் வந்த நிகழ்ச்சிகள் இதை ஒரு குறையாகக் கருதாமல் உத்தியாக்கிக்கொண்டன. பங்கேற்பாளரின் புகழும் அவதூறும் அடுத்த பருவத்தின் கதைப்பொருளாயின.

அன்றாடம் எவ்வாறு கழிக்கப்படுகிறது

குடும்ப வாழ்வின் இயல்பு திரும்பத் திரும்ப நிகழ்வது. தண்ணீர் பிடிப்பது, சமைப்பது, பாத்திரம் துலக்குவது, துணி துவைப்பது, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது, முதியவருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது ஆகியவை நாள்தோறும் நடப்பவை. இந்தியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். இந்தியக் குடும்பத்தின் அன்றாடம் என்று எதையேனும் சொல்ல வேண்டுமானால், அதன் நடுவில் இருப்பது இந்த ஐந்து மணி நேரம்.

தொலைக்காட்சிக்கோ நிகழ்வு வேண்டும். விளம்பர இடைவேளைக்குப் பின் பார்வையாளர் திரும்பி வர வேண்டுமானால், ஏதோ ஒன்று உடையும் தறுவாயில் இருக்க வேண்டும். ஆகவே தயாரிப்பின் ஒவ்வொரு படியிலும் அன்றாடம் குறைக்கப்பட்டு நிகழ்வு கூட்டப்படுகிறது.

முதற்படி ஆள் தேர்வு. எளிதில் சினம் கொள்பவர், எதையும் விட்டுக்கொடுக்காதவர், விரைவில் அழுபவர் என ஒன்றோடொன்று உரசும் இயல்புடையவர்கள் ஒன்று சேர்க்கப்படுகிறார்கள். பல காலம் பொறுத்துப்போகும் மனிதர் இத்தேர்வில் வெல்வது அரிது. குடும்பங்கள் நிலைப்பதோ பெரும்பாலும் அத்தகையவர்களால். இரண்டாவது, தனியறைப் பேச்சு. நிகழ்வு முடிந்த பின் ஒருவரைத் தனியே அமர்த்தி, அதைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். கேட்ட கேள்வி நீக்கப்பட்டு விடை மட்டும் வருவதால், தூண்டப்பட்ட சொல் தானாகப் பிறந்த சொல்லாகத் தோன்றுகிறது. மூன்றாவது, எதிர்வினைக் காட்சி. ஒருவர் பேசும்போது இன்னொருவரின் முகச்சுளிப்பு இடையில் காட்டப்படுகிறது. அந்த முகச்சுளிப்பு வேறொரு வேளையில், வேறொரு காரணத்துக்காகப் பதிவானதாக இருக்கலாம். நான்காவது, சொல் ஒட்டு. வெவ்வேறு வாக்கியங்களிலிருந்து துண்டுகளை எடுத்து ஒரே வாக்கியமாக இணைப்பதை, பல உடல்களின் பகுதிகளைத் தைத்து உருவாக்கிய ஃப்ராங்கன்ஸ்டைன் கதையின் உயிரை நினைத்து, அமெரிக்கத் தொகுப்பாளர்கள் ‘ஃப்ராங்கன்பைட்’ என்கிறார்கள். இவற்றுக்கு மேல் பின்னணி இசையும், நாள் முழுதும் திரும்பத் திரும்ப வரும் முன்னோட்டமும் சேர்கின்றன.

இவற்றில் எதுவும் பங்கேற்பாளரை நடிக்கச் சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாரும் உண்மையாகவே நடந்துகொண்டாலும் விளைவு பொய்யாக இருக்க இவையே போதும்.

பிக் பாஸ் வீடு: குடும்பம் இல்லாத வீடு

நெதர்லாந்தில் 1999ஆம் ஆண்டு தொடங்கிய ‘பிக் பிரதர்’ பல நாடுகளுக்குப் பரவி, 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் விஜய் தொலைக்காட்சியில் ‘பிக் பாஸ்’ என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. முதல் ஏழு பருவங்களைக் கமல் ஹாசனும், 2024இல் தொடங்கிய எட்டாவது பருவத்தை விஜய் சேதுபதியும் தொகுத்து வழங்கினர். இது ஒரு போட்டி நிகழ்ச்சி. ஆயினும் வீடு, உறவு, சமையல், சாப்பாடு என்னும் குடும்பச் சொற்களாலேயே தன்னை அது விளக்குகிறது. பங்கேற்பாளர்களும் விரைவில் அண்ணன், தங்கை, அம்மா, அப்பா என்று ஒருவரையொருவர் அழைக்கத் தொடங்குகிறார்கள்.

இந்நிகழ்ச்சிக்கு ஒரு பாராட்டு உரியது. சமையல் அணி, பாத்திரம் கழுவும் அணி, கழிப்பறை சுத்தம் செய்யும் அணி எனப் பிரித்து, ஆண்களும் இவ்வேலைகளைச் செய்வதை இரவு நேரத்தில் வீடுதோறும் காட்டியது. நெடுந்தொடர்களில் சமையலறையைப் பெண்ணின் சிறையாகவோ அரியணையாகவோ மட்டுமே பார்த்துவந்த கண்களுக்கு இது புதிது. யார் அதிக வேலை செய்தார், யார் சாக்குச் சொன்னார் என்பதைப் பற்றி அங்கு எழும் சண்டைகள் எந்த வீட்டிலும் கேட்கக்கூடியவை.

ஆனால் அந்த வீட்டில் இல்லாதவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வளர்க்க வேண்டிய குழந்தை இல்லை. படுத்த படுக்கையில் முதியவர் இல்லை. வாடகை இல்லை, பள்ளிக் கட்டணம் இல்லை, வட்டி இல்லை. காலையில் ஓடிப் பிடிக்க வேண்டிய பேருந்து இல்லை. அன்பும் சண்டையும் எவற்றின் அழுத்தத்தால் உருவாகின்றனவோ அவை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அன்பையும் சண்டையையும் மட்டும் காட்டும் வீடு அது. அங்குக் கோபத்துக்கு மனிதரின் குணமே காரணமாகத் தெரியும். வெளியே பல வீடுகளில் கோபத்துக்குக் கடன் காரணமாக இருக்கிறது. தூக்கமின்மை காரணமாக இருக்கிறது. ஒருவரே சுமக்கும் வேலை காரணமாக இருக்கிறது. காரணங்களை அகற்றிவிட்டுக் குணத்தை மட்டும் தீர்ப்புக்கு வைப்பதே இவ்வகை நிகழ்ச்சிகள் கற்றுத்தரும் ஆபத்தான பழக்கம்.

உண்மையான குடும்பம் அந்த வீட்டுக்குள் நுழையும் தருணமும் உண்டு. பருவத்தின் பிற்பகுதியில் பங்கேற்பாளர்களின் உறவினர்கள் ஒவ்வொருவராக உள்ளே அனுப்பப்படுகிறார்கள். ‘ஃப்ரீஸ்’ என்று குரல் கேட்டதும் பங்கேற்பாளர்கள் அசையாமல் நிற்க வேண்டும். பல வாரங்களாகப் பார்க்காத தாயோ பிள்ளையோ நடந்து வந்து எதிரே நிற்க, கண்ணீர் வழிந்தாலும் கையை நீட்டக்கூடாது. ‘ரிலீஸ்’ என்ற பின்பே கட்டியணைக்கலாம். அந்தக் கண்ணீர் மெய். அதைப் பார்த்துத் தானும் அழும் பார்வையாளரின் உணர்வும் மெய். ஆனால் அந்த அணைப்பு எப்போது நிகழ வேண்டும் என்பதை முடிவு செய்வது வேறொருவர். மெய்யுணர்வும் கட்டளையும் ஒரே காட்சியில் இவ்வளவு வெளிப்படையாகச் சேர்ந்து நிற்கும் இடம் வேறில்லை.

2022ஆம் ஆண்டு ‘பிக் பாஸ் அல்டிமேட்’ இணையத்தில் 24 மணி நேரமும் நேரலையாக வந்தது. முழு நாளையும் தொகுக்கப்பட்ட பகுதியையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அதனால் கிடைத்தது. நேரலையில் மணிக்கணக்காக ஒன்றும் நடப்பதில்லை. பலர் சும்மா அமர்ந்திருக்கிறார்கள், உறங்குகிறார்கள், சம்பந்தமில்லாமல் பேசுகிறார்கள். அன்றாடம் என்பது அதுதான்.

வழக்கு மேடையில் குடும்பம்

பிக் பாஸில் பங்கேற்பவர்களில் பெரும்பாலோர் புகழை அறிந்து வருபவர்கள். ஜீ தமிழில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய ‘சொல்வதெல்லாம் உண்மை’ போன்ற நிகழ்ச்சிகளில் தோன்றியவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். கைவிடப்பட்ட மனைவி, தேடப்படும் மகள், சொத்துக்காகப் பிரிந்த உடன்பிறப்புகள் எனப் பெரும்பாலும் எளிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அங்கு வந்தார்கள். நிர்மலா பெரியசாமியும் பின்னர் லட்சுமி ராமகிருஷ்ணனும் இதை நடத்தினர். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018ஆம் ஆண்டு இந்நிகழ்ச்சியின் ஒளிபரப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது.

இந்நிகழ்ச்சியை முற்றிலும் பழிப்பது எளிது, நியாயம் அன்று. காவல் நிலையத்தில் புகார் ஏற்கப்படாத பெண்ணுக்கும், வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவருக்கும் கேமராவே அதிகாரத்தின் காதாகத் தெரிந்தது. வீட்டுக்குள் மூடி மறைக்கப்பட்ட வன்முறையும் பாலியல் கொடுமையும் அங்கு உரத்துப் பேசப்பட்டன. இவர்கள் ஏன் அங்குச் சென்றார்கள் என்ற கேள்வி, வேறு எந்தக் கதவுகள் அவர்களுக்கு மூடியிருந்தன என்ற கேள்வியும் ஆகும்.

ஆனால் அந்தக் கதவு திறந்ததற்கு ஒரு விலை இருந்தது. இந்தியாவின் குடும்ப நீதிமன்றச் சட்டம், 1984, வழக்கின் தரப்பினரில் ஒருவர் விரும்பினாலே விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும் என்கிறது. குடும்பச் சிக்கலில் தீர்ப்பைவிட அதன் பின்னான வாழ்வு நீண்டது என்பதை உணர்ந்த விதி அது. தொலைக்காட்சி விசாரணை நேர் எதிர்த் திசையில் செல்கிறது. அங்குத் திறந்த அரங்குதான் நிபந்தனை. நடத்துபவர் நீதிபதியும் அல்லர், ஊர்ப் பெரியவரும் அல்லர். பழைய ஊர்ப் பஞ்சாயத்தில் சாதி ஆதிக்கமும் ஆண் ஆதிக்கமும் இருந்தன என்பதை மறுக்க முடியாது. இருந்தும் அங்குத் தீர்ப்புச் சொன்னவர் மறுநாள் அதே தெருவில் அக்குடும்பத்தைச் சந்திக்க வேண்டியிருந்தது. தொலைக்காட்சி அரங்கின் விளக்குகள் அணைந்த பின் அந்தக் கடமை யாருக்கும் இல்லை.

இந்நிகழ்ச்சியிலிருந்து தமிழ்நாடு நினைவில் வைத்திருப்பது எதை என்பதும் சிந்திக்கத்தக்கது. ‘என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா’ என்ற அதன் சொற்றொடர் பகடி நிகழ்ச்சிகளுக்கும், அங்கிருந்து திரைப்படப் பாடலுக்கும், தெருப் பேச்சுக்கும் சென்றது. அச்சொற்களைக் கேட்டு நின்ற பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பவர் குறைவு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது பழமொழி. ஊர் என்பது ஒரு தெருவாக இருந்தபோது வேறு ஊருக்குக் குடிபெயர்ந்து தப்பலாம். யூடியூபில் தங்கிவிட்ட காணொளியிலிருந்து குடிபெயர இடமில்லை.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் கடுமையானது. இந்தியாவில் குழந்தைத் தொழிலாளர் விதிகள் 2017ஆம் ஆண்டு திருத்தப்பட்டபோது, குழந்தைக் கலைஞர்கள் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பணியாற்றக்கூடாது என்றும், அவர்கள் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்றும் வரையறுக்கப்பட்டது. உழைப்புக்கும் ஊதியத்துக்கும் இவ்வாறு காவல் உண்டு. பெற்றோரின் சண்டைக்கு நடுவே அரங்கில் அமர்ந்திருந்த பிள்ளை, பத்து ஆண்டுகள் கழித்து அந்தக் காணொளியை வகுப்புத் தோழர்களோடு சேர்ந்து பார்க்க நேர்ந்தால் அதற்கு என்ன காவல்?

சலவை இயந்திரம் ஒன்றின் கதை

அன்றாடம் நிகழ்வாக மாற்றப்படும்போது என்ன நேரும் என்பதற்கு ஜப்பானின் ‘டெரஸ் ஹவுஸ்’ துயரமான சான்று. அறிமுகமில்லாத ஆண்களும் பெண்களும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வதைக் காட்டிய இந்நிகழ்ச்சி 2012ஆம் ஆண்டு தொடங்கியது. அமைதியானது, மென்மையானது, மெய்ந்நிலை நிகழ்ச்சிகளில் மிகவும் இயல்பானது என்று உலகெங்கும் பாராட்டப்பட்டது. அதில் பங்கேற்ற ஹானா கிமுரா 22 வயது மல்யுத்த வீராங்கனை. அவர் சலவை இயந்திரத்தில் விட்டிருந்த போட்டி உடையை வீட்டில் வசித்த ஓர் இளைஞர் தன் துணிகளோடு சேர்த்துத் துவைத்து உலர்த்த, அது சுருங்கிப்போனது. கிமுரா அவரிடம் கோபித்து, அவர் தலையிலிருந்த தொப்பியைத் தட்டிவிட்டார்.

எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது இது. வெள்ளைச் சட்டையைச் சாயம் போகும் துணியோடு போட்டு ஊறவைத்ததற்காக எழும் கூச்சல் அன்று மாலைக்குள் மறந்துபோகும். ஆனால் இந்தக் காட்சி 2020 மார்ச் இறுதியில் இணையத்திலும், மே மாதத்தில் ஃபுஜி தொலைக்காட்சியிலும் வெளியானது. சமூக ஊடகங்களில் கிமுரா மீது வசை குவிந்தது. அந்த மே மாதத்திலேயே அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தொடர் நிறுத்தப்பட்டது. ஜப்பான் 2022ஆம் ஆண்டு தன் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, பிறரை இழிவுபடுத்தும் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்தது.

இங்கிலாந்தில் குடும்பச் சண்டைகளையும் பொய்யறியும் சோதனைகளையும் மேடையேற்றிய ‘ஜெரமி கைல் ஷோ’, 2005 முதல் ஐடிவியில் ஒளிபரப்பானது. அதில் பங்கேற்ற ஒருவரின் இறப்பைத் தொடர்ந்து 2019 மே மாதத்தில் அது கைவிடப்பட்டது. ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், பங்கேற்பாளர்களின் நலனைப் பேணுவதற்கான புதிய விதிகளை 2021 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியது. மெய்ந்நிலை நிகழ்ச்சியில் தோன்றுபவரை, பார்வையாளருக்கு நிகராகப் பாதுகாக்கப்பட வேண்டியவராகச் சட்டம் காணத் தொடங்கிய இடம் இது. உயிரிழப்புகளுக்குப் பின்னரே அது நிகழ்ந்தது.

மெய்ந்நிலை நிகழ்ச்சி தந்தவை

இவ்வளவு குறைகளோடும் இவ்வகை நிகழ்ச்சிகள் சில உண்மைகளைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்துள்ளன. லான்ஸ் லவுட்டைத் திரையில் கண்ட தன்பால் ஈர்ப்பாளர்கள் பலருக்குத் தங்களைப் போன்ற ஒருவர் குடும்பத்தின் நடுவே வாழ்வதைப் பார்க்கும் வாய்ப்பு அதுவே முதல்முறை. ‘த ஃபேமிலி’ உழைக்கும் வர்க்கத்தின் நெருக்கடியான வீட்டையும் அதன் பேச்சையும் மறைக்காமல் காட்டியது. விஜய் தொலைக்காட்சியில் 2006 முதல் வரும் ‘நீயா நானா’வில், அரங்கில் அமர்ந்திருக்கும் ஒரு சாதாரணப் பெண்ணோ ஆணோ தயங்கித் தயங்கிச் சொல்லும் ஒரு வாக்கியம், பல நெடுந்தொடர்களின் வசனத்தைவிடக் குடும்பத்தைப் பற்றி அதிகம் சொல்லிவிடுவதுண்டு.

ஆனால் அதே அரங்கின் அமைப்பையும் பார்க்க வேண்டும். மாமியார் ஒரு பக்கம், மருமகள் மறுபக்கம். கணவர் ஒரு பக்கம், மனைவி மறுபக்கம் என்று இருக்கைகள் போடப்படும்போதே குடும்பம் இரண்டு கட்சிகளாகிவிடுகிறது. வீட்டில் ஒரே ஆள் ஒரு நாளில் பலமுறை கட்சி மாறுகிறார். காலையில் மருமகளைக் கடிந்த மாமியாரே இரவில் அவளுக்காக மகனிடம் பரிந்து பேசுவார். அந்த இடமாற்றத்துக்கு அரங்கில் நாற்காலி இல்லை. இந்நிகழ்ச்சிகளில் உண்மை வருவது வடிவத்தின் உதவியால் அன்று. பெரும்பாலும் வடிவத்தை மீறியே வருகிறது.

பெயர் சுட்டாத மரபு

வீட்டின் உள்வாழ்வைக் கலையாக்குவது தமிழுக்குப் புதிதன்று. சங்க இலக்கியத்தின் அகப்பாடல்கள் காதலையும் பிரிவையும் ஊடலையும் பாடுகின்றன. பரத்தையிடம் சென்று திரும்பிய கணவனை வாசலில் நிறுத்தும் மனைவியின் சினம்கூட அங்கு உண்டு. ஆனால் அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் பொதுப்பெயர்களே அங்கு வரும். பெயர் சுட்டினால் அது புறத்தின்பாற்படும்.

இது ஓர் இலக்கண விதி. ஆயினும் மெய்ந்நிலை நிகழ்ச்சியை மதிப்பிட அது நல்ல அளவுகோலாகிறது. பெயர் இல்லாததால், கேட்பவர் அந்த ஊடலில் தன் வீட்டைக் காண்கிறார். வீட்டுக்கு வீடு வாசற்படி என்ற உணர்வு அங்குப் பிறக்கிறது. மெய்ந்நிலை நிகழ்ச்சி முதலில் பெயரைச் சொல்கிறது. ஊரையும் முகத்தையும் காட்டுகிறது. அப்போது பார்வையாளர் அதை யாரோ ஒருவரின் குறையாகக் கண்டு, தன் வீட்டை அதிலிருந்து விலக்கிக்கொள்கிறார். உண்மைப் பெயர் இருப்பதால் மட்டும் ஒரு சித்திரம் உண்மையாகிவிடுவதில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு ஒன்பது நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஏற்றது. அகத்துக்கு ஒரு காவல் வேண்டும் என்னும் எண்ணம் இரண்டு இடங்களிலும் இருக்கிறது.

பார்க்கும் முறை

மெய்ந்நிலை நிகழ்ச்சிகள் மறையப்போவதில்லை. குடும்பத்தினர் தங்களைத் தாங்களே படம்பிடித்து வெளியிடும் யூடியூப் அலைவரிசைகள் அவற்றின் அடுத்த கட்டமாகப் பெருகியுள்ளன. அங்குத் தயாரிப்பாளரும் தொகுப்பாளரும் தந்தையோ தாயோ ஆகிவிட்டதால், விடுபடுபவற்றைக் கண்டறிவது இன்னும் கடினம். ஊடகத்தைப் படிக்கும் மாணவருக்கும் பொதுப் பார்வையாளருக்கும் சில கேள்விகள் உதவும்.

எவ்வளவு நேரத்திலிருந்து எவ்வளவு நேரம் எடுக்கப்பட்டுள்ளது? காட்சிகள் நிகழ்ந்த வரிசையில்தான் வருகின்றனவா? பேசுபவரின் முகமும் கேட்பவரின் முகமும் ஒரே சட்டகத்தில் உள்ளனவா, தனித்தனியாக ஒட்டப்பட்டுள்ளனவா? இசையை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் அந்தச் சண்டை அவ்வளவு பெரிதாகத் தெரிகிறதா? இக்குடும்பத்தின் வருமானம் என்ன, வீட்டு வேலையை யார் செய்கிறார், நோயாளிகள் உண்டா என்பவை எங்கேனும் சொல்லப்பட்டனவா? இதில் தோன்றியவர் பின்னொரு நாளில் வேண்டாம் என்று சொன்னால் இதை அழிக்க வழி உண்டா?

இவற்றுள் கடைசிக் கேள்விக்கு இல்லை என்பதே பெரும்பாலான நிகழ்ச்சிகளின் விடை. ஒரு குடும்பம் தன் மோசமான மாலைப் பொழுதை மன்னித்து, மறந்து, மறுநாள் காலை அடுப்பைப் பற்றவைக்கிறது. குடும்பம் நீடிப்பது இந்த மறதியால்தான். ஒரு மணி நேரத் தொகுப்பில் அந்தக் காலைக்கு இடம் கிடைப்பதில்லை. சண்டையை மட்டும் பார்த்தவர், அந்தக் குடும்பத்தில் பாதியைக்கூடப் பார்த்தவர் ஆகமாட்டார்.